கைக்கு வரும் நாலாயிரத்து முந்நூறு

க்ரோனிங்கன்
6 நவம்பர் 2022

அன்பு லம்ப்ரினி,

நீ போனை எடுப்பதில்லை. அனுப்பும் செய்தியைப் பார்க்கிறாய், பதில் போடுவதில்லை. அந்த நீலக் கோடுகளைப் பார்க்கவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. அதனால்தான் தபால். போனைப் போல இதைப் பாதியில் துண்டிக்க முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கத்தியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. "ஊரான் பிள்ளைக்கெல்லாம் சரியாக் கணக்குப் போடுவே, கூடப் பொறந்தவளுக்கு மட்டும் குழி தோண்டுவே"ன்னு சொன்னாயே, அதைத்தான் ஒரு வாரமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

எல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாக எழுதிப் பார்த்தால்தான் நான் எங்கெங்கே சறுக்கினேன் என்று எனக்கே விளங்குகிறது. நான் சம்பளப் பிரிவுக்காரி. வெளிநாட்டிலிருந்து இந்த நாட்டுக்கு வேலைக்கு வருகிறவர்கள், "வரி போகக் கைக்கு எவ்வளவுங்க வரும்?" என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. உனக்கும் போட்டேன். மாதம் ஐயாயிரத்து இருநூறு யூரோ மொத்தச் சம்பளம். வெளிநாட்டவர்களுக்கான சலுகை கிடைத்தால் நூற்றுக்கு முப்பது பங்கை வரி தொடாது, கைக்கு நாலாயிரத்து முந்நூறு. கிடைக்காவிட்டால் மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். அந்த இரண்டாவது எண்ணை நான் உன்னிடம் சொல்லவே இல்லை. நல்ல காரியம் தொடங்கும்போது எதற்கு அபசகுனமாக என்று வாயை மூடிக்கொண்டேன்.

நாலாயிரத்து முந்நூறு வந்தால் ஊரில் வோலோஸ் வீட்டின் கடனையும் கட்டி, ஐந்தோவனில் வாடகையும் கொடுத்து, உன் புருஷன் ஸ்டெர்கியோஸையும் மகள் ஃபானியையும் நீ கூட்டிக்கொள்ளலாம். மூவாயிரத்து ஐந்நூறு என்றால் நீ மட்டும்தான் இங்கே, அவர்கள் அங்கே. இதுவும் நான் போட்டுக் கொடுத்த கணக்குதான்.

சலுகைக்கு ஒரு நிபந்தனை. வேலைக்குச் சம்மதிக்கும்போது நீ வெளிநாட்டில் குடியிருக்க வேண்டும். யாருக்குச் சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: "முதல்ல கையெழுத்து, அப்புறம் விமானம்." ஜூனில் எனக்குப் பிள்ளை பிறந்தது. என் புருஷன் யெல்லே கப்பல் வேலையில் இருந்தான். பிள்ளை பெற்றவளை நாற்பது நாள் தனியே விடுகிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது என்று நீ ஓடி வந்தாய். எலுமிச்சை பிழிந்த கோழி சூப் வைத்துக் கொடுத்தாய். நான் என்ன செய்தேன்? "சும்மாதானே இருக்கே, நகராட்சியில பேரைப் பதிஞ்சுடு, பதிவு எண் கிடைச்சா பேங்க் கணக்கு தொடங்கலாம், செப்டம்பர்ல அலைய வேண்டாம்"னு பிள்ளையை மாரில் கட்டிக்கொண்டு உன்னை வரிசையில் நிறுத்தினேன். மூன்று வாரம் கழித்து என் சமையலறை மேசையிலேயே நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாய். நான் கேக் வெட்டினேன். வரி அலுவலகத்துக்கு நீ அன்றைக்கு ஏற்கெனவே க்ரோனிங்கன்வாசி. அதனால்தான் சலுகை கிடையாது என்று மறுத்துவிட்டார்கள்.

அதற்கு முன்னாலேயே இன்னொரு தப்பு. நீ வோலோஸில் இருந்தபோது, "உடனே சரின்னு தலையாட்டிடாதே, இருநூறு கூடக் கேளு, இவங்களை எனக்குத் தெரியும்"னு சொன்னதும் நான்தான். அப்போதே நீ சம்மதம் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

ஆனால் வழி அடைந்துவிடவில்லை. மறுப்பு வந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் ஆட்சேபணை போடலாம். காகிதக் கையெழுத்துதான் வேண்டும் என்றில்லை. ஊரில் இருக்கும்போதே வாயால் சம்மதித்துவிட்டாய் என்று உன் மேலாளர் உறுதி சொன்னால், பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ரைனியர் நல்ல மனுஷன் என்றாயே. போனிலேயே சரி சொல்லிவிட்டதாக அவரிடம் ஒரு வார்த்தை சொல். யாருக்கும் நஷ்டமில்லை.

எழுது. திட்டியாவது எழுது.

உன் அக்கா
பொலிக்ஸேனி


ஐந்தோவன்
14 நவம்பர் 2022

அக்கா,

கிழிக்கவில்லை.

நீ கேட்பது பொய். ஒரு அரசாங்க அலுவலகத்துக்கு நான் பொய் எழுதித் தர வேண்டும், புது வேலையில் மூன்றாம் மாதமே என் மேலாளரையும் அதில் இழுத்துவிட வேண்டும் என்கிறாய். அந்த இருநூறு யூரோவுக்கு என்னைப் பேரம் பேச வைத்தவளும் நீ, இப்போது பொய் சொல்லச் சொல்கிறவளும் நீ. எனக்கு எப்போதும் குறுக்கு வழி காட்டியே பழகிவிட்டாய்.

நான் இயந்திரங்களைச் சரிபார்க்கிறவள். அளவு தப்பினால் தப்பு என்று எழுதுவேன். அதை மழுப்பத் தெரியாது.

நீ ஒன்றைத் தெரிந்துகொள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபானி திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு என்ன கேட்கிறாள் தெரியுமா? "அம்மா, நாலாயிரத்து முந்நூறு வந்துடுச்சா?" எட்டு வயதுப் பிள்ளை. யாரோ ஒரு விருந்தாளியின் பெயரைப் போல அந்த எண்ணைச் சொல்கிறாள். பின்னால் அவள் பாட்டி, "உன் பெரியம்மாகிட்டக் கேளு, அவதானே கணக்குப்பிள்ளை" என்கிறாள். ஸ்டெர்கியோஸ் எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிறான்.

உன் குட்டியின் ஞானஸ்நானத்துக்கு வேறு ஞானத்தாயைப் பார்த்துக்கொள். இப்போது நான் அந்தத் தேவாலயத்தில் உன் பக்கத்தில் நின்று பிள்ளையை வாங்க மாட்டேன்.

லம்ப்ரினி


க்ரோனிங்கன்
27 நவம்பர் 2022

அன்பு லம்ப்ரினி,

ஞானத்தாய் நீதான். வேறு யாரும் இல்லை. நீ வருகிறவரை குட்டிக்கு ஞானஸ்நானம் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் மூன்றே நாளில் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்று நின்றார்கள், பதிந்தாயிற்று. ஆனால் தண்ணீர் ஊற்றும்வரை நம் வீட்டில் அவள் குட்டிதான். மருத்துவமனையில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரோ என்று நானே திரும்பிப் பார்க்கிறேன்.

பொய் சொல்ல மாட்டேன் என்றாய். எனக்கு வெட்கமாகப் போயிற்று. நம் அம்மா உன்னை வளர்த்த விதம் வேறு, நான் வளர்ந்த விதம் வேறு. நான் மூத்தவள், கடைக்காரனிடம் கடன் சொல்லிச் சொல்லி வளர்ந்தவள். உனக்கு அந்த வேலையை நாங்கள் வைக்கவில்லை.

ஆனால் லம்ப்ரினி, நாள் ஓடுகிறது. டிசம்பர் பத்தோடு ஆட்சேபணைக்கான கெடு முடிகிறது. பொய் வேண்டாம். நடந்ததையே ரைனியரிடம் கேட்டுப் பாரேன். நீ அவரோடு போனில் பேசியபோது அரைகுறையாகவாவது ஒரு சம்மதம் இருந்ததா? "வரேன், பார்க்கலாம்" என்பதுபோல ஏதாவது? நினைத்துப் பார்.

நேற்று அலுவலகத்தில் லிஸ்பனிலிருந்து ஒரு பையன் அழைத்தான். ஜனவரியில் வேலை, இப்போதே வந்து அறை பார்க்கவா என்று கேட்டான். "அங்கேயே இரு! கையெழுத்துப் போடாம அசையாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரி காபியைக் கொட்டிவிட்டாள். முன்பின் தெரியாத பையனுக்குக் காவல் நிற்கிறேன். உன் விஷயத்தில் இந்த வாய் எங்கே போயிற்று?

பொலிக்ஸேனி


ஐந்தோவன்
20 டிசம்பர் 2022

அக்கா,

கெடு முடிந்துவிட்டது. ரைனியரிடம் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. இதைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு வோலோஸ் போகவில்லை. வேலை இருக்கிறது. போன வாரம் ஸ்டெர்கியோஸ், "மூவாயிரத்து ஐந்நூறுன்னா கொஞ்சப் பணமா? இங்க மூணு மாசம் ஓட்டுவாங்க" என்றான். வாடகை, கடன், காப்பீடு, குளிருக்கு எரிவாயு எல்லாவற்றையும் சொன்னேன். நீ அனுப்பிய கணக்கைத்தான் சொன்னேன். "அப்ப அக்கா சொன்னாச் சரி" என்றான், அவ்வளவுதான். அவன் மறுபடி கேட்கவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ கேட்கவில்லை, திட்டுவேன் என்று பயமாக இருக்கலாம். இருக்கிறேன். ஒரே அறை. ஜன்னலுக்குக் கீழே சைக்கிள்கள். வேலை விட்டு வந்து ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டே தின்கிறேன், தட்டுகூட வைப்பதில்லை. கதவைச் சாத்தினால் அது சாத்தியே இருக்கிறது.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. குட்டிக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன்.

லம்ப்ரினி


க்ரோனிங்கன்
5 மார்ச் 2023

அன்பு லம்ப்ரினி,

இதை நேரில் சொல்லியிருப்பேன். நீதான் வருவதில்லை.

கம்பளிச் சட்டை பொருந்துகிறது. உன் கடிதத்தை, அந்த நின்றுகொண்டே தின்கிற இடத்தை, எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. கல்யாணமாகிக் குடும்பம் நடத்துகிறவள் தட்டுகூட வைக்காமல் நின்றுகொண்டு தின்கிறாள், யாரால்? என்னால். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. யெல்லே, "நீ செய்ததுக்கு ஏதாவது செய், சும்மா அழாதே" என்றான். இந்த ஊர் ஆட்கள் இப்படித்தான், கண்ணீருக்கும் ஒரு தீர்வு கேட்பார்கள். ஆனால் அவன் சொன்னது சரி.

செய்துவிட்டேன். வாரம் மூன்று நாள் பார்த்த வேலையை ஏப்ரலிலிருந்து ஐந்து நாளாக்கிக்கொண்டேன். குட்டி காப்பகத்துக்குப் போகிறாள். உனக்குக் கிடைக்காமல் போன எழுநூற்று அறுபதை மாதாமாதம் நான் போடுவேன், சலுகை ஐந்து வருடம் ஓடியிருக்கும், நானும் ஐந்து வருடம் போடுவேன். கையை நீட்ட மாட்டாய் என்று தெரியும், அதனால் உன்னைக் கேட்கவில்லை. ஸ்டெர்கியோஸுக்கே நேராக எழுதினேன். என்ன தப்பு, யார் தப்பு, நீ ஊரில் இருந்தபோது சம்மதம் சொல்லாததால் எப்படிச் சலுகை போயிற்று என்று ஒன்று விடாமல் எழுதி மன்னிப்புக் கேட்டேன். நாலாயிரத்து முந்நூறு இனி வரும், ஃபானியைக் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள் என்றேன்.

தாய்ப்பாலை நிறுத்தியாயிற்று. முதல் வாரம் குட்டி புட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே அழுகை. பழகிவிடுவாள்.

இதற்காவது போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசு.

உன் அக்கா


ஐந்தோவன்
9 மார்ச் 2023

அக்கா, வேண்டாம். காப்பகத்திலிருந்து குட்டியை நிறுத்து, பழைய மூன்று நாளுக்கே போ. ஸ்டெர்கியோஸுக்கு உடனே எழுதி மறுத்துவிடு. காரணம் கேட்காதே. உன் பணம் எனக்கு வேண்டாம் என்று மட்டும் வைத்துக்கொள்.

லம்ப்ரினி


க்ரோனிங்கன்
2 ஏப்ரல் 2023

லம்ப்ரினி,

உன் ரோஷம் எனக்குத் தெரியும், அதனால்தான் உன்னைக் கேட்காமல் செய்தேன். இனி மறுக்க முடியாது. ஸ்டெர்கியோஸ் துறைமுக வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டான். பள்ளியில் சொல்லிவிட்டார்கள், பள்ளி முடிந்த மறுநாள், ஜூன் பதினேழு, பயணம். பதில் இரண்டே வரி எழுதியிருந்தான்: "சரி, வரோம். அவளுக்கு இஷ்டம்னா." எவ்வளவு மரியாதை பார். நான் குடும்பத்தைக் கெடுத்தவள், என்னிடம் ஒரு கடுஞ்சொல் இல்லை.

ஃபானி போனில் என்னிடம், "பெரியம்மா, அங்க மழை தினமும் பெய்யுமாமே, குடை தருவீங்களா?" என்றாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். அன்றைக்கே ஒரு சின்னக் குடை வாங்கி வைத்தேன்.

வீடு பார். ஹெல்மோண்ட் பக்கம் கொஞ்சம் சல்லிசாக இருக்கும் என்கிறார்கள்.

பொலிக்ஸேனி


ஐந்தோவன்
11 ஏப்ரல் 2023

அக்கா,

இதை நான்கு முறை தொடங்கிக் கிழித்தேன். இனியும் நான் பேசாமல் இருந்தால், உன் பிள்ளையின் பாலை நிறுத்தியவளாகவே இருந்துவிடுவேன்.

நீ போட்ட கணக்கில் தப்பில்லை. நீ என்னைப் பதிய வைத்ததும் பாதகமில்லை. நான் ஊரில் இருக்கும்போதே சரி சொல்லிவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் ரைனியர் வோலோஸுக்கு அழைத்தார். ஐயாயிரத்து இருநூறு என்றார். நீ சொன்னபடி இருநூறு கூடக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். ஃபானி பிளாஸ்டிக் விசிலை ஊதிக்கொண்டு சமையலறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். மாடியிலிருந்து மாமியார், "யாரு போன்ல? யாரு போன்ல?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கிக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடிப்பதற்குள் நான் சரி என்று சொல்லிவிட்டேன். எங்கே வேலை, என்ன நேரம் என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் நீ விசாரித்தபோது, "இன்னும் சொல்லலைக்கா, பேரம் பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். அவசரக்குடுக்கை என்று நீ திட்டுவாய் என்றுதான் அப்படிச் சொன்னேன். அன்றைக்கு அது ஒன்றுமில்லாத சின்னப் பொய்.

நவம்பரில் ரைனியரே என்னைக் கூப்பிட்டார். நான் அவரிடம் போகவில்லை, அவராகவே கூப்பிட்டார். "நீங்க ஜூன்லயே சம்மதிச்சீங்களே, பின்னால ஒரு குழந்தை விசில் ஊதிக்கிட்டிருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நான் எழுதித் தரேன், ஆட்சேபணை போட்டுடலாம்" என்றார். நான், "இல்லையே, யோசிச்சுச் சொல்றேன்னுதான் சொன்னேன்" என்றேன். "அப்படியா. அப்ப நான்தான் தப்பா நினைச்சிருக்கேன்" என்றார். அந்த மனுஷன் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அரசாங்கத்துக்குப் பொய் எழுத மாட்டேன் என்று உனக்குப் பெரிதாக எழுதினேனே, அதே வாரம்தான் இது.

ஏன் என்று கேட்பாய். ஸ்டெர்கியோஸ் கெட்டவன் இல்லை, குடிப்பதில்லை, கை ஓங்கியதில்லை. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு கதவையும் சாத்தியதில்லை. மாமியாரிடம் எங்கள் வீட்டுச் சாவி இருக்கிறது. குளிக்கும்போது வெளியே நின்று, "பயறு எத்தனை விசில் விடணும்?" என்று கேட்பாள். ஸ்டெர்கியோஸ், "எங்க கிளம்பிட்டே?" என்பான், குப்பை போடப் போனாலும் கேட்பான். இங்கே வந்த முதல் வாரம் நான் யாருக்கும் பதில் சொல்லாமல் எட்டு மணி நேரம் தூங்கினேன். எழுந்து முதலில் நினைத்தது ஃபானியை இல்லை. வெயில் அடிக்கிறதே என்று நினைத்தேன். அதற்கப்புறம்தான் ஃபானி ஞாபகம் வந்தாள், என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பிறகு மறுப்பு வந்தது. யாரையும் வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எண் சொல்லிவிட்டது. எண்ணைப் போட்டவள் நீ. எல்லோரும் உன்னைத் திட்டினார்கள். நானும் சேர்ந்து திட்டினேன். நான் எல்லோரையும்விடச் சத்தமாகத் திட்டினேன்.

நின்றுகொண்டே தின்கிறேன் என்று எழுதினேனே, அது துக்கம் இல்லை அக்கா. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

லம்ப்ரினி


க்ரோனிங்கன்
23 ஏப்ரல் 2023

லம்ப்ரினி,

படித்துவிட்டு உன் கம்பளிச் சட்டையைக் குப்பையில் போட்டேன். பிறகு எடுத்துத் துவைத்தேன், குட்டிக்கு வேறு இல்லை.

கிட்டத்தட்ட அரை வருடம் உன் மாமியார் வாயில் நான் விழுந்து கிடந்தேன். தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதுகூட உன் பேர் சொல்லி மன்னிப்புக் கேட்டேனே தவிர வேறெதுவும் கேட்டதில்லை. என் பிள்ளை அழுத அழுகையை நீ கேட்டிருக்க வேண்டும். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இப்போது எழுத எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் கோபமாக இருந்துகொள்கிறேன், அதற்கு எனக்குப் பாத்தியதை உண்டு.

மாதம் எழுநூற்று அறுபது கிடையாது. மே முதல் நான் பழையபடி மூன்று நாள்.

ஆனால் ஸ்டெர்கியோஸுக்கு நான் எழுத மாட்டேன். வராதே என்றும் சொல்ல மாட்டேன், ஏன் என்றும் சொல்ல மாட்டேன். அவன் வேலையை விட்டுவிட்டான், பயணச் சீட்டு எடுத்தாயிற்று. வாயைத் திறக்க வேண்டியது நீ. முடிந்தால் அவர்கள் விமானம் ஏறுவதற்குள் திற.

ஒன்று மட்டும் என்னை அரிக்கிறது. அத்தனை மாதம் உன்னிடம் வாடகை கேட்டேன், கடன் கேட்டேன், காப்பீடு கேட்டேன், எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தேன். "அவங்க வரணும்னு உனக்கு ஆசையா இருக்கா?" என்று ஒரு தடவை கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே எனக்குத் தோன்றவில்லை. சம்பளப் பிரிவுக்காரி புத்தி.

பொலிக்ஸேனி


ஐந்தோவன்
20 ஜூன் 2023

அக்கா,

அவர்கள் வந்துவிட்டார்கள். விமானம் ஏறுவதற்குள் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஒவ்வொரு ஞாயிறும் ஃபானி திரைக்கு முன்னால் ஒரு பெட்டியைத் திறந்து, எதை எடுத்து வைத்திருக்கிறாள் என்று காட்டினாள்.

ஹெல்மோண்டில் சின்ன வீடு. உன் எண் இல்லாமலே, மூவாயிரத்து ஐந்நூறிலேயே வாடகை கொடுக்க முடிகிறது. கொஞ்சம் இழுத்துப்பிடித்தால் கடனும் கட்டலாம். அதையும் நவம்பரிலேயே பார்த்திருக்கலாம்.

முதல் நாள் மூவரும் தரையில் உட்கார்ந்து கடையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் தின்றோம். ஃபானி தின்றுகொண்டே தூங்கிவிட்டாள். தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தேன். எவ்வளவு கனம் ஆகிவிட்டாள்! கால் என் முழங்காலில் இடித்தது. என் கழுத்தைப் பிடித்த கையை விடுவிக்க எனக்கு நெடுநேரம் ஆயிற்று, அவசரப்படவும் இல்லை.

திரும்பி வந்து ஸ்டெர்கியோஸ் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். விசிலிலிருந்து ஆரம்பித்து, ரைனியரிடம் சொன்ன பொய்வரை. பொலி அக்காவுக்கு ஒன்றும் தெரியாது, ஒரு தப்பும் செய்யவில்லை என்று சொன்னேன். அவன் வறுவல் பொட்டலத்தை மடித்துக்கொண்டே கேட்டான். மடித்து, மறுபடி மடித்து, கட்டைவிரல் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"நீ போன்ல சரின்னு சொன்னப்ப நான் பால்கனிலதான் நின்னேன். கதவு திறந்திருந்துச்சு. நீங்க இங்கிலீஷ்ல பேசினது புரியலை, நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்கும் தெரியும். இன்னும் சொல்லலைன்னு நீயும் அக்காவும் சொல்லிக்கிட்டே இருந்தீங்க. உங்க பேரத்துக்காகன்னு நினைச்சுச் சும்மா இருந்தேன். அப்புறம் உன் அக்கா எழுதினா பாரு, ஊர்ல இருந்தப்பச் சம்மதிக்காததாலதான் சலுகை போச்சுன்னு. அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கலை? எங்கக்காவை எல்லாரும் அந்தப் பேச்சுப் பேசினீங்களே!"

"நான் ஒரு வார்த்தை பேசலை."

"நிறுத்தவும் இல்லையே."

"இல்ல" என்றான். "அக்காவைத் திட்டுற வரைக்கும், எங்களைக் கூப்பிட உனக்கு ஆசைதான், பணம்தான் இல்லைன்னு ஆகுது. எனக்கு அது போதுமா இருந்துச்சு. அவங்களுக்கு நான் பண்ணினது பாவம்தான்."

அக்கா, நான் அவனை அப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அழவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஆனால் உன் முகத்தைப் பார்க்க முடியாது என்றான். அதையும் உனக்கு எழுதச் சொன்னான்.

பிறகு கேட்டான். நீ கேட்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, அதே கேள்வி. "அன்னிக்கு அவர் கேட்டு முடிக்கிறதுக்குள்ள சரின்னு சொன்னே. இப்ப நான் கேக்கறேன். நாங்க இங்க இருக்கவா?"

ஃபானி இருக்கட்டும் என்று உடனே வந்துவிட்டது. அவனைப் பற்றி அப்படி வரவில்லை. அவனுக்காகப் பாவப்பட்டுச் சரி என்று சொல்லியிருப்பேன், உள்ளே அந்தச் சொல் இல்லை. வேண்டாம் என்பதும் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்றே எனக்கு அதுவரை தெரியாது.

"தெரியலை" என்றேன்.

அவன் தலையாட்டினான். எழுந்து தன் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த ஒரு போர்வையை மட்டும் எடுத்தான். மற்றதை அப்படியே மூடிவிட்டான். கூடத்தில் விரித்துப் படுத்துக்கொண்டு, "உன் ரூம் கதவைச் சாத்திக்க. நான் வந்து கேக்க மாட்டேன்" என்றான்.

சாத்திக்கொண்டேன். மூன்று நாளாகப் பெட்டி கூடத்தில் மூடியே கிடக்கிறது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது எழுந்திருப்பான், எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. அவன் கேட்காமல் இருக்கக் கற்றுக்கொள்கிறான், அக்கா. பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

லம்ப்ரினி